ஊசிக்கு முன் ஒரு கொப்பி: எக்சிமா உள்ள குழந்தைக்கு ஒவ்வாமைப் பரிசோதனை

எங்கள் மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது கன்னம் இரண்டும் சொரசொரத்து, கசிந்து, பொருக்குக் கட்டத் தொடங்கின. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "கிரந்தி" என்றார்கள், மீதிப் பேர் "கரப்பான்" என்றார்கள். கத்தரிக்காய், தக்காளி, இறால், நண்டு, அன்னாசி என்று நான் தொடக்கூடாதவற்றின் பட்டியல் ஒவ்வொரு விருந்தாளியோடும் நீண்டுகொண்டே போனது. பத்தியக் கறியும் சோறுமாக நான் மெலிந்தேன். பிள்ளையின் கன்னம் அப்படியே இருந்தது. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று. செய்தோம். இருந்த குழப்பத்துக்கு எண்கள் கிடைத்தன, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இதே வழியில் இறங்கப் போகும் பெற்றோருக்காக, நாங்கள் தலைகீழாகச் செய்தவற்றை நேராக அடுக்கி எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. மருந்தின் அளவையும், எந்த உணவை நிறுத்துவது என்பதையும் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் தோலை ஆற்றுங்கள்

எங்கள் மகளுக்கு இருந்தது எக்சிமா, அதாவது தோல் வரண்டு, அரித்து, வெடிக்கும் நோய். அது வந்தாலே ஏதோ ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் காரியம் எதிர்த்திசையில் நடக்கிறது. தோலின் காப்புப் படலம் பிறவியிலேயே பலவீனமாக இருப்பதால் ஈரம் வெளியேறுகிறது, வெளியில் உள்ளவை உள்ளே நுழைகின்றன. வெடித்த தோலின் வழியே ஓர் உணவின் புரதம் உடலுக்குள் போனால் உடல் அதை எதிரியாகப் பழகிக்கொள்கிறது. அதே புரதம் வாய் வழியே போனால் உணவாக ஏற்றுக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். நடுத்தர அல்லது கடுமையான எக்சிமா உள்ள குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமையும் இருக்கிறது. கன்னத்தில் மட்டும் கொஞ்சம் வரட்சி என்றால் அந்த வாய்ப்பு இன்னும் குறைவு.

இதை அறிந்த பிறகு எங்கள் குளியலறையைப் பார்த்தேன். பயற்றம் மா, கடலை மா, செக்கு நல்லெண்ணெய். எல்லாம் அம்மம்மா அன்போடு கொண்டுவந்து வைத்தவை. நல்ல தோலுள்ள பிள்ளைக்கு இவை பெரும் தொல்லை தருவதில்லை. ஆனால் வெடித்துக் கசியும் தோலில் பயற்றையும் கடலையையும் எள்ளையும் தேய்ப்பது என்றால், மேலே சொன்ன வாசலை நாமே திறந்துவிடுகிறோம் என்று பொருள். நிறுத்திவிடுங்கள். அம்மம்மாவுக்குக் கோபம் வரும்; இரண்டு கிழமையில் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தால் தணிந்துவிடும்.

நம் கிணற்றுத் தண்ணீரையும் சொல்ல வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் பல இடங்களில் தண்ணீர் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடுவோம், அது தோலை இன்னும் உலர்த்தும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம், சவர்க்காரம் இல்லாமல் அல்லது வைத்தியர் சொன்ன களிம்பையே சவர்க்காரம் போலப் பூசிக் குளிப்பாட்டுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மூன்று நிமிடத்துக்குள் ஈரம் காயும் முன் களிம்பைப் பூசுங்கள். விரல் நுனியில் எடுத்துத் தொட்டு வைப்பதல்ல. உடல் முழுவதும், தாராளமாக, நாளுக்கு இரண்டு முறையாவது.

சிவந்து தடித்த இடங்களுக்கு வைத்தியர் ஸ்டெரொயிட் களிம்பு எழுதித் தந்தால் பயந்து ஒளித்து வைக்காதீர்கள். நான் ஒளித்து வைத்தேன். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் வருவது ஏறக்குறைய அரைக் கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். சொன்ன நாட்களுக்குச் சொன்ன அளவில் பூசினால் தோல் ஆறும். பயந்து பயந்து அரைகுறையாகப் பூசினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

நம் பிள்ளைகளின் நிறத்தில் எக்சிமா படங்களில் உள்ளதுபோல இளஞ்சிவப்பாகத் தெரியாது. கரும்பழுப்பாக, சாம்பல் படிந்ததாக, சிறு சிறு பருக்களாகத் தெரியலாம். வெயில் காலத்து வியர்க்குருவோடு குழம்பவும் இடமுண்டு. தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் வரட்சியும் நாட்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் எக்சிமாவை நினைக்க வேண்டும்.

இப்படி இரண்டு மூன்று கிழமை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதும் பல வீடுகளில் பரிசோதனை என்ற பேச்சே எழுவதில்லை.

கொப்பி எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மலிவான ஒரு கொப்பியோ கிளினிக் கொப்பியின் பின்பக்கமோ போதும். ஒவ்வாமைப் பரிசோதனை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஒரு சாட்சி. கேள்வி இந்தக் கொப்பியிலிருந்துதான் வர வேண்டும்.

பிள்ளை என்ன உண்டது, எந்த வடிவில் (அவித்த முட்டையா, பொரித்ததா, கேக்கிலா), எவ்வளவு, எத்தனை மணிக்கு; முதல் அறிகுறி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்; எவ்வளவு நேரத்தில் அடங்கியது, என்ன மருந்து கொடுத்தீர்கள்; அன்று காய்ச்சல் தடிமன் இருந்ததா; அதே உணவை முன்போ பின்போ கொடுத்தபோது என்ன நடந்தது. தடிப்பு வந்தால் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் தோல் பளிங்குபோல இருக்கும், அது எழுதாத சட்டம்.

நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒவ்வாமையில் இரண்டு வகை உண்டு. ஒன்று உடனடி வகை. உண்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பு, உதடு கண் வீக்கம், வாந்தி, இருமல், மூச்சு இழுப்பு ஏதாவது வரும். இதில் ஐ.ஜீ.ஈ. என்னும் எதிர்ப்புரதம் வேலை செய்கிறது. ஊசிக் குத்துப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் தேடுவது அதைத்தான். மற்றது தாமத வகை. சில மணி நேரம் கழித்தோ, இரண்டு மூன்று நாள் கழித்தோ மலத்தில் சளியும் இரத்தமும், ஓயாத வயிற்றுக் குழப்பம், எக்சிமா கிளர்ச்சி என்று வரும். இந்த வகையை எந்த ஊசியாலும் எந்த இரத்தத்தாலும் காட்ட முடியாது. உங்கள் கொப்பி தாமத வகையைச் சொல்கிறதென்றால் பரிசோதனைக்குப் பணம் கட்டுவது வீண்.

தக்காளியோ தோடம்பழமோ உண்ட பிள்ளையின் வாயைச் சுற்றி மட்டும் சிவந்து அரை மணியில் மறைந்தால், அது பெரும்பாலும் புளிப்பின் எரிச்சல். கிரந்திப் பட்டியலில் உள்ள பலவற்றின் குற்றம் இவ்வளவுதான். சிறு குழந்தைகளில் உண்மையான உணவு ஒவ்வாமையை அதிகம் ஏற்படுத்துபவை பசுப்பால், முட்டை, கச்சான், கஜு, எள்ளு, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு வகை. கத்தரிக்காய் பாவம், இந்தப் பட்டியலில் இல்லை.

யாரிடம் போவது

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோடு எப்படிப் போகிறது என்று அவருக்குத் தெரியும், அந்தக் கோடு பின்னால் மிகவும் உதவும். தெல்லிப்பழை, சாவகச்சேரி, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் அங்கே காட்டலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சிறுபிள்ளை வைத்திய நிபுணரையோ தோல் நோய் நிபுணரையோ பார்ப்பதற்கு வெளிநோயாளர் பிரிவு வழியாகவோ, வேறு வைத்தியரின் கடிதத்தோடோ போகலாம். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை, காத்திருப்புத்தான் கட்டணம். மாற்று உடுப்பு, களிம்பு, குடிதண்ணீர், கொப்பி நான்கையும் எடுத்துக்கொண்டு நேரத்தோடு போய்விடுங்கள்.

ஊசிக் குத்துப் பரிசோதனைக்காகக் கொழும்புக்கு அனுப்பப்படலாம். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்புப் பிரிவு இதற்குப் பெயர்பெற்றது. அந்த நிறுவனம் 1900ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் பொரளையில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பயணம் என்பதால், கடிதம் கையில் இருக்க, தொலைபேசியில் திகதியை உறுதி செய்யாமல் இரவு பஸ்ஸில் ஏற வேண்டாம்.

எந்தப் பரிசோதனை, என்ன செய்வார்கள்

ஊசிக் குத்துப் பரிசோதனை என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. முன்கையிலோ முதுகிலோ உணவுச் சாறு ஒரு சொட்டு வைத்து, அதன் வழியே தோலின் மேற்பரப்பில் மெல்லக் குத்துவார்கள். இரத்தம் வராது. பக்கத்தில் ஒத்துப் பார்ப்பதற்கு இரண்டு சொட்டுகள்: கட்டாயம் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின், தடிக்கவே கூடாத உப்புநீர். 15 முதல் 20 நிமிடம் கழித்து தடிப்பின் அகலத்தை அளப்பார்கள். உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் நேர்மறை. கைக்குழந்தைக்கும் செய்யலாம், வயது தடையில்லை. மிகச் சிறிய குழந்தையில் தடிப்பு சிறியதாகவே வரும் என்பதை வைத்தியர் கணக்கில் எடுப்பார்.

பரிசோதனைக்கு முன் ஒவ்வாமை மருந்தை நிறுத்த வேண்டும். பிரிற்றன் என்று வீட்டில் வைத்திருக்கும் குளோர்பெனிரமின் என்றால் ஏறக்குறைய மூன்று நாள், செற்றிரிசின் என்றால் ஐந்து முதல் ஏழு நாள். உங்களுக்குரிய நாட்கணக்கைப் பரிசோதனை செய்யும் இடத்திலேயே கேளுங்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கும் பாணி மருந்துகளிலும் இவை ஒளிந்திருக்கும். இதைத் தெரியாமல் கொடுத்துவிட்டுக் கொழும்பு வரை போய், ஹிஸ்டமின் சொட்டே தடிக்காமல் திரும்பி வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பரிசோதனை செய்யும் இடத்தில் களிம்பும் பூசக் கூடாது. வெறும் வயிறு தேவையில்லை. பசித்த பிள்ளையை அங்கே கொண்டுபோனால் உங்களுக்குத்தான் தண்டனை.

இரத்தப் பரிசோதனை, உடம்பெல்லாம் எக்சிமாவாக இருந்து குத்துவதற்கு நல்ல தோல் இல்லாத பிள்ளைக்கும், மருந்தை நிறுத்த முடியாத பிள்ளைக்கும் உகந்தது. யாழ்ப்பாணத்தில் தனியார் இடங்களில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவதும் நடக்கிறது. அங்கே மொத்தத் தொகுப்பு ஒன்றைச் சொல்வார்கள்: இருபது, முப்பது உணவு ஒரே விலையில். மலிவுபோலத் தெரியும். வேண்டாம். கொப்பியில் சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு உணவை மட்டும் வைத்தியரிடம் எழுதி வாங்கி, அவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். மொத்த ஐ.ஜீ.ஈ. அளவு மட்டும் பார்ப்பதிலும் பயனில்லை. எக்சிமா உள்ள பிள்ளைக்கு அது பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். ஐ.ஜீ.ஜீ. என்னும் வேறோர் எதிர்ப்புரதத்தின் பரிசோதனை, தலைமயிர்ப் பரிசோதனை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவை உணவு ஒவ்வாமையைக் காட்டுவதில்லை.

முடிவுத் தாளை எப்படி வாசிப்பது

நாங்கள் வாங்கியது மொத்தத் தொகுப்பு. தாளில் ஏழு உணவுகளுக்கு எதிரே நேர்மறை. பசுப்பால், முட்டை வெள்ளைக்கரு, கோதுமை, சோயா, கச்சான், இறால், அதோடு அரிசி. அரிசி! சோறு உண்ணாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று அழுதேன். தாளைத் தந்தவர்கள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் ஏழையும் நிறுத்தினோம். ஒன்பதாம் மாதம் தடுப்பூசிக்குப் போனபோது நிறைக் கோடு கீழே வளைந்திருந்தது. உத்தியோகத்தர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

பிறகுதான் ஒரு வைத்தியர் உட்காரவைத்து விளங்கப்படுத்தினார். நேர்மறை என்றால் உடல் அந்த உணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். உண்டால் ஒவ்வாது என்பதல்ல. நேர்மறை வந்தவர்களில் பாதியளவினர் அந்த உணவை எந்தத் தொல்லையும் இல்லாமல் உண்கிறார்கள். எக்சிமா உள்ள பிள்ளைகளில் இந்தப் பொய் நேர்மறை இன்னும் சாதாரணம். இரத்தத்தில், நேர்மறை என்று எண்ணத் தொடங்கும் 0.35 என்ற கோட்டைச் சற்றே தாண்டிய எண்களுக்கு, பிள்ளை அந்த உணவை உண்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால், மதிப்பே இல்லை. எண் பெரிதாகப் பெரிதாக உண்மையான ஒவ்வாமைக்கான வாய்ப்புக் கூடும், ஆனால் எதிர்வினை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று அந்த எண் சொல்லாது. எதிர்மறை முடிவு மட்டும் ஓரளவு உறுதியாக நம்பத்தக்கது, அதுவும் உடனடி வகைக்கு.

ஐயம் தீர்க்கும் கடைசி வழி உண்ணக் கொடுத்துப் பார்ப்பதுதான். வைத்தியசாலையில், மருந்துகள் பக்கத்தில் இருக்க, மிகச் சிறு அளவில் தொடங்கி, 15 முதல் 30 நிமிட இடைவெளியில் கூட்டிக்கொண்டே போவார்கள். எங்கள் மகளுக்கு அப்படிப் பார்த்ததில் ஏழில் மிஞ்சியது முட்டை ஒன்று. சோறும் பாலும் கச்சானும் திரும்பி வந்தன. உடனடி எதிர்வினை ஒருமுறை காட்டிய உணவை வீட்டில் "கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்" என்று தொடவே வேண்டாம்.

நிறுத்திப் பார்ப்பது, திரும்பக் கொடுப்பது

தாமத வகைக்குப் பரிசோதனை இதுதான்: ஒரே ஓர் உணவை, பெரும்பாலும் பசுப்பாலை, இரண்டு முதல் நான்கு கிழமை முழுமையாக நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. திரும்பக் கொடுக்கும் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிறுத்தியதும் சுகமாகிவிட்டதே, ஏன் வம்பு என்று விட்டுவிடுவோம். திரும்பக் கொடுத்தபோது அறிகுறி திரும்பி வந்தால்தான் அது நிரூபணம். எக்சிமா தானாகவும் ஏறி இறங்கும் நோய்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையென்றால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. வைத்தியர் சொன்னால் தாய் பாலுணவை நிறுத்துவார், கல்சியமும் விற்றமின் டீயும் எழுதி வாங்கிக்கொள்வார். கிரந்திப் பட்டியல் முழுவதையும் நிறுத்தத் தேவையில்லை.

பாலை நிறுத்துவது என்றால் தேநீரில் ஊற்றும் பாலை மட்டுமல்ல. பால்மா, பட்டர், மாஜரினில் சில, பிஸ்கற்றுகளில் பல. திரிபோஷா சத்துமாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் சேர்கிறது. கிளினிக்கில் தந்ததுதானே என்று கொடுத்துவிடாதீர்கள். பொதியில் உள்ள பொருட்பட்டியலைப் படியுங்கள், வாங்கும் ஒவ்வொரு முறையும்.

இங்கே நம் ஊர்ப் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் யாராவது ஆடு வைத்திருக்கும் வீட்டைக் காட்டுவார்கள். ஆட்டுப்பால் குளிர்ச்சி, பிள்ளைக்கு நல்லது என்பார்கள். பசுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது, இரண்டின் புரதமும் அவ்வளவு ஒத்தவை. லக்ரோஸ் என்னும் பாற்சர்க்கரை இல்லாத பால்மாவும் பயன்படாது; இங்கே சிக்கல் புரதத்தில், சர்க்கரையில் அல்ல. புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் புரதத்தை நன்றாகச் சிதைத்த சிறப்பு மாவை வைத்தியர்தான் எழுதித் தர வேண்டும்.

மற்ற உணவுகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2015இல் வெளியான ஓர் இலண்டன் ஆய்வில், கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு 4 முதல் 11 மாத வயதிலேயே கச்சான் கொடுக்கத் தொடங்கினார்கள். ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை இருந்தவர்கள் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம், உண்டவர்களில் 3.2 சதவீதம். கடும் எக்சிமா இருந்தால் வைத்தியரைக் கேட்ட பின், மற்றவர்கள் ஆறாம் மாதம் திண்ம உணவு தொடங்கும்போதே, அரைத்துக் கூழாக்கிய கச்சானைக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். முழுக் கச்சான் ஒருபோதும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

முட்டை ஒவ்வாமை என்பதற்காக ஒன்பதாம் மாத எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசியைத் தவிர்க்கக் கூடாது. அது பாதுகாப்பானது, சொல்லிவிட்டுப் போடுங்கள்.

அவசரம்

மூச்சு இழுப்பு, குரல் கம்முதல், ஓயாத இருமல், நாக்கு வீக்கம், வெளிறித் துவண்டு போதல் இவற்றில் எது வந்தாலும் 1990 இலவச நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். பக்கத்தில் வைத்தியசாலை இருந்தால் காத்திராமல் ஓடுங்கள். பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் போடாமல் படுக்கையாக வைத்திருங்கள். மூச்சுக்குக் கஷ்டப்பட்டால் மடியில் சாய்ந்து இருக்க விடுங்கள். காப்பாற்றும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பிரிற்றன் அதற்கு மாற்றல்ல. அதைக் கொடுத்துவிட்டு அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. எக்சிமா திடீரென வலித்து, குழி விழுந்த சிறு புண்களாகிக் காய்ச்சலும் அடித்தால் அன்றே காட்டுங்கள், அது ஹேர்பீஸ் என்னும் வைரஸ் தொற்றாக இருக்கலாம்.

வைத்தியரிடம் ஒற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த உணவு ஆகாது, லேசாக வந்தால் என்ன, கடுமையாக வந்தால் என்ன. ஒரு பிரதி அம்மம்மா வீட்டில், ஒன்று பையில். பாலும் முட்டையும் பல பிள்ளைகளுக்கு வளர வளர ஒத்துக்கொள்ளத் தொடங்கும் என்பதால் மறுபரிசோதனைத் திகதியையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். எங்களுக்கு அந்தத் தாள் அதிகம் தேவைப்படுவது கலியாண வீட்டிலும் நல்லூர்த் திருவிழாவிலும். திருவிழா வீதியில் பிள்ளையைக் கண்டால் முன்பின் தெரியாதவர்கள்கூட ஆசையாகக் கையில் எதையாவது திணித்துவிடுவார்கள். "முட்டை சேர்த்ததா?" என்று கேட்பேன். சிலர் முகம் சுருங்கும். கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன்.